விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர்

85.60 மில்லிமீட்டர் நீளம், 53.98 மில்லிமீட்டர் அகலம், 0.76 மில்லிமீட்டர் தடிமன். எந்த நாட்டு வங்கி கொடுத்த கார்டை அளந்தாலும் கணக்கு இதுதான். மின்சார பிளக்கின் வடிவத்தில்கூட ஒத்துப்போக முடியாத நாடுகள் இந்தச் சின்னச் செவ்வகத்தில் ஒன்றுபட்டிருக்கின்றன. ஐஎஸ்ஓ 7810 என்ற சர்வதேசத் தரவிதி இந்த அளவுக்கு ‘ஐடி-1’ என்று பெயர் வைத்திருக்கிறது. நான்கு மூலைகளும் எவ்வளவு வளைந்திருக்க வேண்டும் என்பதற்கும் அதில் கணக்கு உண்டு. சென்னையில் வாங்கிய கார்டு சியோலில் இருக்கும் ஏடிஎம்முக்குள் மறுப்பில்லாமல் நுழைவது இந்த ஒழுங்கால்தான்.

ஆனால் இதே ஒழுங்கு விரல்களுக்குப் பெரிய தொல்லை. கைக்கு அடக்கமான அளவு என்று தெரிந்ததும் எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். பான் கார்டு, பிளாஸ்டிக் ஆதார், ஓட்டுநர் உரிமம், மெட்ரோ கார்டு, ஹோட்டல் அறையைத் திறக்கும் கார்டு எல்லாம் அதே செவ்வகம். கண்ணுக்கு நிறமும் படமும் பெயரும் வேறுவேறு. விரலுக்கு எல்லாம் ஒரே வழுவழுப்பான தகடு. டெபிட் கார்டு என்று நினைத்து கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகிப் பணம் எடுத்தால் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் சேர்ந்து வரும். உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு பார்வைக் குறைபாடு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை. கண்ணாடி போட்டால் சரியாகிவிடுகிறவர்களும் அதில் அடக்கம்தான். அவர்களைக் கழித்தாலும் மிஞ்சுவது பல கோடி.

வேடிக்கை என்னவென்றால், பழைய கார்டுகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். அவற்றில் எண்கள் சுமார் அரை மில்லிமீட்டர் உயரத்துக்குப் புடைத்து நின்றன. பார்வையற்றவர்களை நினைத்து யாரும் அப்படிச் செய்யவில்லை. கடைக்காரர் கார்டை ஒரு சிறு இயந்திரத்தில் வைத்து, மேலே கார்பன் வைத்த ரசீதை விரித்து, உருளையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுப்பார். எண்கள் ரசீதில் பதியும். பிறகு இன்னொரு இயந்திரம் அதைப் படிக்கும். பெட்ரோல் பங்க் ஊழியரின் எண்ணெய்க் கை பட்டு ரசீது மங்கினாலும் இயந்திரம் 3ஐ 8 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகவே டேவிட் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கர் ‘ஃபாரிங்டன் பி’ என்ற எண் வடிவங்களை உருவாக்கினார். கார்டுகளில் நாம் பார்த்துப் பழகிய அந்தக் கட்டுமஸ்தான எண்களின் கதை இது.

இயந்திரத்துக்காகப் புடைத்த எண்களை விரல்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டன. எண்கள் இருக்கும் பக்கம் முன்பக்கம். இந்தக் கார்டில் மூன்று வரி, அந்தக் கார்டில் நான்கு வரி. இப்படி ஒரு தற்காலிக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பிறகு சிப் வந்தது. கார்பன் ரசீது போனது. புடைப்புக்கு வேலையில்லை என்றானதும் எண்களைத் தட்டையாக அச்சிடத் தொடங்கினார்கள். சில வங்கிகள் அவற்றைப் பின்பக்கத்துக்கே தள்ளிவிட்டன. கார்டு அழகானது. விரல் கையிலிருந்ததை இழந்தது.

அந்த விரலிடம் என்னென்ன திறமை இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வடிவமைப்பு முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது. விரல்நுனித் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 240 தொடு நரம்பிழைகள் வந்து முடிகின்றன. உள்ளங்கையில் அதே பரப்பில் 60கூடத் தேறாது. இரண்டு கூர்முனைகளை ஒரே நேரத்தில் விரல்நுனியில் வைத்தால், அவற்றுக்கிடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே போதும், ‘இவை இரண்டு’ என்று சொல்லிவிடுவோம். முதுகில் அதே முனைகளைச் சுமார் 40 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால்தான் இரண்டு என்று தெரியும்.

இந்த இழைகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. ‘மெய்ஸ்னர்’ என்ற வகை சறுக்கலைக் கவனிக்கிறது. கையிலிருந்து டம்ளர் நழுவத் தொடங்கும் கணத்தில் பிடி தானாக இறுகுவது அதன் தயவு. ‘பசீனியன்’ வகைக்கு அதிர்வு கேட்கும். நம் கார்டுக்கு முக்கியமானது மூன்றாவது வகை, ‘மெர்க்கெல்’ உணர்வேற்பிகள். உணர்வேற்பி என்பது தொடுதல், வெப்பம் போன்றவற்றை நரம்புச் சைகையாக மாற்றும் அமைப்பு. மெர்க்கெல் வகை சமதளத்தைத் தொடும்போது நிதானமாக இருக்கிறது; ஓரம், மூலை, வளைவு என்று ஏதாவது வந்தால் பரபரப்பாகிறது. விளிம்புகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தது போல.

அதற்குள்ளும் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. மெர்க்கெல் செல்களின் உறையில் ‘பியெசோ2’ என்ற புரதம் பொதிந்திருக்கிறது. மூன்று இதழ் கொண்ட காற்றாடி போன்ற வடிவம். தோல் அழுந்தி உறை இழுபடும்போது காற்றாடியின் நடுவிலுள்ள துளை திறக்கிறது. மின்னேற்றம் கொண்ட அணுக்கள் உள்ளே பாய்கின்றன. நரம்பில் சைகை கிளம்புகிறது. பியெசோ புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக ஆர்டெம் படபூடியனுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி கிடைத்தது. தொட்டே அடையாளம் காணக்கூடிய ஒரு கார்டு உலகச் சந்தைக்கு அறிவிக்கப்பட்டதும் அதே 2021இல்தான். தற்செயல், ஆனால் பொருத்தமான தற்செயல்.

விரலால் படிப்பது என்றதும் எவருக்கும் முதலில் தோன்றுவது பிரெயில். புள்ளியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர், புள்ளிக்குப் புள்ளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர். விரல்நுனியின் பகுக்கும் திறனுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் அளவு. ஆறு புள்ளிகளை வைத்து 63 வடிவங்கள் செய்யலாம். கார்டில் பிரெயில் போன்ற தொடுபுள்ளிகளை எப்படிப் பதிப்பது என்பதற்கு ஐஎஸ்ஓவில் தனி விதியே உண்டு. சில வங்கிகள் பதித்தும் தருகின்றன.

ஆனால் பிரெயிலை மட்டும் நம்புவதில் மூன்று சிக்கல்கள். முதலாவது தடிமனும் தேய்மானமும். 0.76 மில்லிமீட்டர் கார்டில் அரை மில்லிமீட்டர் புள்ளி என்பது கார்டின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு. ஏடிஎம் உருளைகளுக்கு நடுவில் போய் வந்து, பர்ஸில் மற்ற கார்டுகளோடு உரசி, புள்ளிகள் தேயும். இரண்டாவது, பர்ஸில் அடுக்கிய நிலையில் கார்டின் முகத்தை விரல் தொட முடியாது. எட்டுவது விளிம்பு மட்டும்தான். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தடவ வேண்டும். பின்னால் வரிசை நிற்கும்.

மூன்றாவதுதான் ஆழமானது. பார்வை இழந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெயில் தெரியாது. பள்ளி வயதில் கற்றவர்கள் ஒரு பகுதியினரே. அறுபது வயதில் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப் பார்வை மங்கியவர் அதற்குப் பிறகு புதிய எழுத்து கற்பது அபூர்வம். அதே சர்க்கரை நோய் விரல் நரம்புகளையும் மரக்கச் செய்யக்கூடும். வயதும் தன் பங்குக்கு விரலின் கூர்மையைக் குறைத்துக்கொண்டே போகிறது. ஆகவே கார்டைத் திட்டமிடுகிறவர் இருபது வயது பிரெயில் வாசகரின் விரலை மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தே வேண்டாத, மரத்த விரலுக்கும் தெரிகிற ஒரு குறி வேண்டும்.

அந்தக் குறி எதையும் சேர்க்காமல், இருப்பதில் கொஞ்சம் வெட்டியெடுப்பதால் கிடைத்தது. விளிம்பில் ஒரு வெட்டு. தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை, தடிமன் கூடவில்லை, பர்ஸில் அடுக்கியிருந்தாலும் விரல் எட்டும். விளிம்பில் விரலை ஓட்டினால் சதை அந்த இடைவெளிக்குள் பிதுங்கி இறங்குகிறது. இரு ஓரங்களும் தோலை அழுத்த, மெர்க்கெல் செல்கள் விழித்துக்கொள்கின்றன. வெட்டு மிகக் குறுகலாக இருந்தால் சதை இறங்காமல் பாலம் போட்டு மேலேயே போய்விடும். ஆகவே அகலம் வேண்டும்.

ஜப்பானியர்கள் இதில் முன்னோடிகள். அங்கே 1982இல் தொலைபேசிக் கார்டு வந்தது. தொடர்ந்து ரயிலுக்கு, கடைக்கு என்று முன்பணக் கார்டுகள் பெருகின. எல்லாம் ஒரே அளவு. அவற்றைத் தொட்டுப் பிரித்தறிய விளிம்பு வெட்டுகளைத் தரப்படுத்தினார்கள்: தொலைபேசிக்கு அரைவட்டம், பயணத்துக்கு முக்கோணம், கடைச் சாமானுக்குச் சதுரம். அதே நாட்டில் காவோ நிறுவனம் 1991இல் ஷாம்பு புட்டியின் பக்கவாட்டில் வரிவரியாகப் புடைப்பு வைத்தது. கண்டிஷனர் புட்டியில் வைக்கவில்லை. உரிமை கொண்டாடாமல் மற்ற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த விட்டது. தலையில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது எல்லோருக்கும் அது உதவியது.

வெட்டை எங்கே வைப்பது? இங்கே ஒரு அழகான வடிவியல் கணக்கு வருகிறது. ஒரு செவ்வகக் கார்டை இயந்திரத்தின் வாய்க்கு நேராகப் பிடிக்க நான்கு வழிகள் உண்டு: முகம் மேலே அல்லது கீழே, இந்த முனை முன்னால் அல்லது அந்த முனை. சரியானது ஒன்றே ஒன்று. சிறிய பக்கத்தின் நட்டநடுவில் வெட்டினால் எந்த முனை என்று தெரியும். ஆனால் கார்டைப் புரட்டிப் பிடித்தாலும் வெட்டு நடுவிலேயே இருக்கும், முகம் எது என்று தெரியாது. நடுவிலிருந்து சற்றே ஒதுக்கி வெட்டினால் போதும், புரட்டியதும் வெட்டு மேலிருந்து கீழே போய்விடும். ஒரே வெட்டு, நான்கு நிலைகளையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. 1990களின் இறுதியில் ஐரோப்பா இத்தகைய விளிம்புக் குறியின் அளவையும் இடத்தையும் ஒரு தரவிதியாகவே எழுதி வைத்தது. சிப் இருக்கும் முனை இயந்திரத்துக்குள் போக வேண்டும் என்பதால் வெட்டு அதற்கு எதிர்முனையில், விரல் பிடிக்கும் இடத்தில்.

ஆனால் அந்த முனையிலும் நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. சும்மா கிடக்கும் பிளாஸ்டிக் போலத் தெரிகிற கார்டில் ஒவ்வொரு இடத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. பின்பக்கத்தில் மேல் விளிம்புக்கு அருகே காந்தப் பட்டை முனைக்கு முனை ஓடுகிறது. அதன் மேல் வெட்டினால் ஸ்வைப் செய்யும்போது தகவல் அறுபடும். முன்பக்கத்தில் சிப்புக்கு நிர்ணயித்த இடம். கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது சொந்தக்காரர் ஆண்டெனா. தட்டிச் செலுத்தும் கார்டுகளில் பேட்டரி கிடையாது. உள்ளே சில சுற்றுகளாக ஒரு மெல்லிய உலோகக் கம்பி விளிம்பையொட்டி ஓடுகிறது. கடை இயந்திரம் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அதிரும் காந்தப்புலத்தைப் பரப்ப, அந்தச் சுற்றில் மின்சாரம் பிறந்து சிப் உயிர்பெறுகிறது. சுற்று ஓரிடத்தில் அறுந்தாலும் அந்த வசதி போயிற்று.

இந்த ஆண்டெனா எங்கே ஓடலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பரவலான அமைப்பு ஒன்றில் அது 81க்கு 49 மில்லிமீட்டர் செவ்வகத்துக்கு உள்ளேயும், 64க்கு 34 மில்லிமீட்டர் செவ்வகத்துக்கு வெளியேயும் இருக்க வேண்டும். கார்டின் நீளமோ 85.60. கழித்து இரண்டால் வகுத்துப் பாருங்கள்: சிறிய பக்கத்தின் விளிம்புக்கும் ஆண்டெனா தொடங்கக்கூடிய இடத்துக்கும் நடுவே மிஞ்சுவது 2.3 மில்லிமீட்டர். மூன்று கார்டுகளை அடுக்கினால் வருகிற உயரம்தான் அது. இன்னும் ஆழமாக வெட்ட வேண்டுமானால் ஆண்டெனாவை வளைத்து வேறு வழியில் விட வேண்டும். கார்டின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டும். விரலுக்கு வெட்டு ஆழமாக வேண்டும், வானொலி அலைக்கு ஆழமில்லாமல் வேண்டும். இந்த இரண்டு மில்லிமீட்டர் சொச்சத்துக்குள் நடக்கிற பேரம்தான் என்னைப் பொறுத்தவரை முழுக் கதையிலும் சுவையானது.

பேரத்தில் பிளாஸ்டிக்கும் ஒரு கட்சி. கார்டு என்பது ஒரே தகடு அல்ல. நடுவில் ஆண்டெனா பொதிந்த தாள், இருபுறமும் அச்சிட்ட தாள்கள், வெளியே கண்ணாடி போன்ற காப்புப் படலங்கள். எல்லாவற்றையும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக உருக்கி இணைத்து, பெரிய தகட்டிலிருந்து கார்டு கார்டாக அச்சு வைத்து வெட்டியெடுக்கிறார்கள். விளிம்பில் கூர்மையான உள்மூலை ஒன்று விழுந்தால், கார்டு வளையும்போது விசை முழுவதும் அந்த முனையில் குவியும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்திருப்பார்களே, கிழிசல் அங்கே தொடங்கட்டும் என்று, அதே இயற்பியல். பாக்கெட் கிழிய வேண்டும், கார்டு கிழியக் கூடாது. எனவே முக்கோண வெட்டானாலும் சதுர வெட்டானாலும் உள்மூலையை லேசாக உருட்டி விடுவது நல்லது. தரச் சோதனையில் கார்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும், முன்னும் பின்னுமாக, மொத்தம் ஆயிரம் முறை வளைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அதிகமாக உருட்டிவிட்டால் முக்கோணம் விரலுக்கு அரைவட்டமாகத் தெரியும். மறுபடியும் பேரம்.

2021இல் மாஸ்டர்கார்டு அறிவித்த ‘டச் கார்டு’ இந்தப் பேரங்களையெல்லாம் கடந்து வந்த ஒன்று. கார்டு தயாரிக்கும் ஐடெமியா நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. பிரிட்டனில் பார்வையற்றோருக்கான அரச தேசிய நிறுவனமும் நியூயார்க்கில் விஷன்ஸ் என்ற சேவை அமைப்பும் இதைச் சோதித்து ஒப்புதல் தந்தன. ஏற்பாடு எளிமையானது: சிறிய பக்கத்தில் சதுரமான வெட்டு இருந்தால் கிரெடிட், வட்டமான வெட்டு டெபிட், முக்கோண வெட்டு ப்ரீபெய்ட். மூன்றே வடிவம். ஐந்தாறு வைத்திருக்கலாமே என்று தோன்றும். அவ்வளவு சிறிய இடத்தில், மரத்த விரலும் அவசரத்தில் குழம்பாமல் பிரிக்க வேண்டும் என்றால் வடிவங்கள் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி நிற்க வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட அவை நெருங்கி வரும்.

இதன் விலையும் உண்டு. வெட்டு கார்டின் வகையைச் சொல்கிறது, வங்கியைச் சொல்லாது. இரண்டு வங்கிகளின் டெபிட் கார்டு வைத்திருப்பவருக்கு இரண்டும் இன்னும் இரட்டையர்தான். ஆளாளுக்கு ஒரு வெட்டு வைத்தால் தீரும் என்றும் சொல்ல முடியாது. முக்கோணத்தையே பாருங்கள். ஜப்பானியப் பயணக் கார்டில் அது ரயில். டச் கார்டில் ப்ரீபெய்ட். நம் ரூபாய் நோட்டில் புடைத்த முக்கோணம் என்றால் 100, வட்டம் என்றால் 500. நோட்டின் ஓரங்களில் சாய்கோடுகளும் புடைத்திருக்கும்: 100க்கு நான்கு, 500க்கு ஐந்து. புழக்கத்தில் கசங்கிய நோட்டில் அந்தப் புடைப்பு எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கேள்வி. 2020இல் ரிசர்வ் வங்கி, கேமராவில் காட்டினால் நோட்டின் மதிப்பைச் சொல்லும் ‘மணி’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. நாணயத்தில் உலோகம் தேய நாளாகும், வடிவமே பேசும்: 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம்.

சரி, விரல் சரியான கார்டை எடுத்து, சரியான முனையைச் செருகிவிட்டது. அடுத்து பின் எண். இங்கே விசைப்பலகை உதவுகிறது. 5ஆம் எண்ணின் மேல் ஒரு சிறு புள்ளி புடைத்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எண்கள் எட்டுத்திக்கிலும் தானாக அமையும். பல கருவிகளில் சிவப்பு விசையில் பெருக்கல் குறி, பச்சை விசையில் வட்டம் என்று அங்கேயும் புடைப்பு மொழி ஒன்று இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்போம்?

இப்போது அந்த விசைகளும் மறைகின்றன. புதிய கருவிகளில் பல வெறும் கண்ணாடித் திரை. ஆஸ்திரேலியாவில் காமன்வெல்த் வங்கி ‘ஆல்பர்ட்’ என்ற தொடுதிரைக் கருவியைக் கடைகளுக்குக் கொடுத்தபோது, பார்வையற்றவர்கள் தங்கள் பின் எண்ணைத் தாங்களே அழுத்த முடியாமல் போயிற்று. நாட்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடுப்பு ஆணையராக முன்பு இருந்த, பார்வையற்றவரான கிரேம் இன்னெஸ் உள்ளிட்டோர் நீதிமன்றம் போனார்கள். 2019 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. குரல் வழிகாட்டுதலை வைத்தால் போதாதா என்றால், எந்த எண்ணின் மேல் விரல் இருக்கிறது என்று கருவி உரக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்பவருக்கும் பின் எண் தெரிந்துவிடும். இப்போது சில தயாரிப்பாளர்கள் கண்ணாடியின் மேல் பொருத்த ஒரு மெல்லிய மூடி தருகிறார்கள். எண்கள் தோன்றும் இடங்களுக்கு நேராக அதில் துளைகளை வெட்டியிருக்கிறார்கள்.